கூப்பிட்டது நீங்கள், எடுத்தது யார்?

“பேங்க் மேனேஜர் பேசுறேன், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு” என்று யாராவது கூப்பிட்டால், இன்று பலரும் பட்டென்று வைத்துவிடுகிறார்கள். ஆனால், கூகுள் மேப்பில் கிளையைத் தேடி, அங்குள்ள எண்ணுக்கு நாமே போன் போட்டால்? எடுப்பவர் மீது சந்தேகமே வராது. மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

2018-இல் மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் நடந்தது. மேப்பில் பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளுக்கு இருந்த தொலைபேசி எண்களை மாற்றி, தங்கள் எண்களைப் போட்டுவிட்டார்கள். கிளையின் பெயர் சரி, முகவரியும் சரி. எண் மட்டும் வேறு. நம்பிக் கூப்பிட்ட வாடிக்கையாளர்களிடம் பின் எண், சிவிவி எண்ணெல்லாம் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டினார்கள். சைபர் போலீஸ் வரை புகார் போனது.

இதற்கு ஹேக்கிங் எதுவும் தேவையில்லை. மேப்பில் எந்தக் கடையைத் தொட்டாலும் திருத்தம் சொல்ல ஒரு வசதி உண்டு. கூகுள் கணக்கு இருக்கிற யாரும் எண்ணையோ நேரத்தையோ மாற்றச் சொல்லலாம். கூகுள் சோதித்துத்தான் ஏற்கிறது. ஆனாலும் சில பொய்த் திருத்தங்கள் தப்பி நுழைந்துவிடுகின்றன. வசதியையே மூடிவிடவும் முடியாது. டீக்கடை இடம் மாறியது முதலில் தெரிவது அந்தத் தெருக்காரருக்குத்தானே!

எண்ணைத் தொடாமலும் கெடுதல் வரலாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ‘செர்பியன் கிரவுன்’ என்ற உணவகத்துக்கு சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை என்று மேப் தவறாகக் காட்டியது. வார இறுதிக் கூட்டம் அதனால்தான் குறைந்தது என்றார் உரிமையாளர். 2013-இல் உணவகத்தை மூடிவிட்டு, கூகுள் மீது வழக்குப் போட்டார்.

2018-இல் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி வணிகப் பக்கங்களை மேப்பிலிருந்து நீக்கியதாகக் கூகுள் கூறியது. இருந்தாலும் நம் கவனம் நமக்கு வேண்டும்.

வங்கியின் தொலைபேசி எண்ணை கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள். நாமே கூப்பிட்டிருந்தாலும், பின் எண்ணையோ ஓடிபியையோ கேட்டால் உடனே வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் தங்கள் மேப் பக்கத்தை உரிமை கோரிச் சரிபார்த்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. அதோடு விட்டுவிடாமல், அவ்வப்போது வேறொரு போனிலிருந்து மேப்பில் உள்ள எண்ணை அழுத்திப் பாருங்கள். மணி உங்கள் கல்லாப்பெட்டி பக்கத்தில் அடிக்க வேண்டும்.