கணிப்பொறிப் பேரேட்டில் எவருக்கு என்ன உரிமை?

சங்கக் கணக்குகள் காகிதப் பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பேரேடு பீரோவில் இருந்த காலத்தில் சாவி யாரிடம் என்பதொன்றே கேள்வி. இன்றோ, வந்திருப்பவர் யார், அவருக்கு உரிமை எவ்வளவு எனக் கேள்விகள் இரண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது என்பதையே நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

பல கணிப்பொறிகள் ஒரே வலையில் இணைந்த இடத்தில் முதற் கேள்விக்கு விடை கூறும் முறைகளுள் ஒன்று கெர்பெராஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவானது இது. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர்! சிப்பந்தியின் கடவுச்சொல் வலையின் வழியே செல்வதே இல்லை. குறித்த நேரம்வரை மட்டும் செல்லுபடியாகும் சீட்டொன்றை மையப் பொறியிடம் பெற்று, அதைக் காட்டித் தரவுத்தளத்தினுள் நுழைகிறார்.

ஆயினும் அச்சீட்டு, இவர் இன்னார் என்று மட்டுமே சொல்லும். நூல் இருப்பைத் திருத்தலாமா, கூலிப் பட்டியலைப் பார்க்கலாமா என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். சீட்டிலுள்ளவருக்கு உரிய பெயர் அங்கும் பதிவாகியிருத்தல் வேண்டும். பின்னர், பட்டியலுக்கு உடைமையாளரோ தலைமை நிர்வாகியோ 'கிராண்ட்' என்னும் கட்டளையால் பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க எனத் தனித்தனியே உரிமை வழங்குவர்.

பெற்ற உரிமையைப் பிறருக்கு வழங்கும் அதிகாரத்தையும் உடன் அளிக்க இயலும். காரியதரிசி கணக்கருக்கு அவ்வாறு அளித்து, கணக்கர் உதவியாளருக்கு வழங்கிவிட்டார் என்று கொள்வோம். பிறகு கணக்கரின் உரிமையை மட்டும் 'ரிவோக்' கட்டளையால் திரும்பப் பெற முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். அவர் வழி வந்தவற்றையும் சேர்த்து நீக்குமாறு 'கேஸ்கேட்' என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இவ்வதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் வைத்திருப்பதே நலமென்பது நம் கருத்து.

சிப்பந்தி ஒருவர் பணியிலிருந்து விலகும்போதுதான் பிழைகள் நேர்கின்றன. கெர்பெராஸில் அவர் பெயரை நீக்கினாலும், முன்பே தந்த சீட்டு அதன் நேரம் முடியுமட்டும் செல்லக்கூடும். முன்பே திறந்த இணைப்போ அதற்கப்பாலும் நீடிக்கும். 'ரிவோக்' செய்தாலோ அடுத்த கட்டளையிலேயே மறுப்பு வரும். குழுவின் பேரிலும் அவருக்கு உரிமை இருந்தால் அக்குழுவினின்றும் அவரை நீக்கவேண்டும். இவையெல்லாம் அன்றைய தினமே செய்யப்பட்டனவா என்று அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் கேட்கலாம்.