247இல் எந்த எழுத்து?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தறியில் பூட்டியிருக்கும் பாவு நூலைக் கவனியுங்கள். நீளவாக்கில் எண்ணற்ற இழைகள். அவை தனியாக இருக்கும் வரை நூல்தான், துணி அல்ல. நாடா குறுக்கே ஓடி ஊடை நூலைப் போடப் போட, ஓர் இழையை மற்றோர் இழை பிடித்து நிறுத்துகிறது. அப்போதுதான் துணி உண்டாகிறது.

செய்தித்தாளில் நாள்தோறும் வெளிவரும் குறுக்கெழுத்துப் புதிரும் இத்தகையதே. இடமிருந்து வலமாக ஒரு சொல், மேலிருந்து கீழாக இன்னொரு சொல். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் உள்ள எழுத்து இரண்டுக்கும் பொருந்த வேண்டும். காலையில் காப்பி ஆறுவதற்குள் இதை முடித்துவிடும் அன்பர்கள் பலர் உண்டு. 'இவர்களுக்கு அகராதி முழுவதும் மனப்பாடமோ?' என்று நீங்கள் வியந்திருக்கலாம். அவர்களிடம் இருப்பது மனப்பாடம் அன்று, ஒரு முறை. அந்த முறைக்கும் விஞ்ஞானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எட்டே கேள்விகள்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள். தமிழ்ப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'கோ' என்பதை எழுத மூன்று குறிகள் தேவைப்பட்டாலும் அது ஒரே எழுத்து; ஒரே கட்டம். புள்ளி வைத்த 'ட்' தனி எழுத்து. அதற்குத் தனிக் கட்டம்.

நான்கு கட்டங்கள் காலியாக உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 247இல் எதுவும் வரலாம் என்றால், மொத்த வழிகள் 247 × 247 × 247 × 247. பெருக்கிப் பாருங்கள்: 372 கோடிக்கு மேல்! ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே இருப்பதால், நான்கு கட்டங்களுக்கு 4,56,976 வழிகள்தாம்.

நான் ஓர் எழுத்தை மனத்தில் நினைத்துக்கொள்கிறேன். 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே பதில் சொல்வேன். எத்தனை கேள்விகளில் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொரு கேள்வியாலும் மிச்சத்தைப் பாதியாக்கினால் போதும். 2ஐ எட்டு முறை பெருக்கினால் 256. ஆகவே எட்டுக் கேள்விகளில் எந்தத் தமிழ் எழுத்தும் சிக்கிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஐந்து கேள்விகள் போதும். ஒரு கட்டத்தில் அடங்கியுள்ள தகவலை இப்படி அளக்கலாம். 'ஆம்–இல்லை' பதில் ஒன்றின் அளவுக்குப் 'பிட்' என்று பெயர்.

இலக்கணம் தரும் துப்பு

ஆனால் எந்தக் கட்டத்திலும் எந்த எழுத்தும் வந்துவிடுவதில்லை. நன்னூல் விதிப்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 103 மட்டுமே. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் முதலில் வருவதில்லை. (ரயில், லாரி முதலிய பிறமொழிச் சொற்கள் இதற்கு விலக்கு.) மெய்யெழுத்து சொல்லைத் தொடங்காது. வல்லின மெய் சொல்லை முடிக்காது. க், ச், த், ப் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அடுத்து அதன் சொந்த வரிசையே வரும். ஒரு கட்டத்தில் 'க்' இருந்தால், அடுத்த கட்டத்தில் க முதல் கௌ வரை 12இல் ஒன்றுதான். எட்டுக் கேள்வி தேவைப்பட்ட இடத்தில் இப்போது நான்கு போதும்!

தேர்வுக்காகப் படித்து மறந்துவிடும் 'மெய்ம்மயக்கம்' இங்கே துப்பறியும் கருவியாகிவிடுவதைப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

குழம்பிப்போன நகரம், பாவிகள் போய்ச் சேரும் இடம் (4)

'குழம்பிப்போன' என்றால் எழுத்துகளை மாற்றி அடுக்கு என்று குறிப்பு. ந, க, ர, ம் ஆகிய நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். 'ம்' முதலில் வராது. நடுவில் வந்தால் அதை அடுத்து ந, க, ர வரமுடியாது. ஆகவே கடைசி இடம்தான். மிச்சம் 6. 'ர' முதலில் வராது. மிச்சம் 4: நகரம், நரகம், கநரம், கரநம். இவற்றில் பொருள் உள்ளவை இரண்டு. 'நகரம்' கேள்வியிலேயே இருக்கிறது. எனவே விடை 'நரகம்'. விடையைத் தேடிப் போகவில்லை. விடையாக இருக்க முடியாதவற்றைத் தள்ளினோம். எஞ்சியது விடை.

அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948இல் தகவல் கொள்கைக்கு அடிகோலிய தம் கட்டுரையில், குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எல்லா எழுத்துக் கோவைகளும் சொல்லாகிவிட்டால், கட்டங்களை எப்படி நிரப்பினாலும் அது புதிராகிவிடும். மொழியின் கட்டுப்பாடுகள் மிகுந்துவிட்டாலோ, பெரிய புதிரை அமைக்கவே முடியாது. ஆங்கிலத்தில் ஏறக்குறையப் பாதி அளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று மதிப்பிட்ட அவர், அதனால்தான் பெரிய புதிர்களை அமைக்க முடிகிறது என்று காட்டினார்.

புதிர் வந்த வழி

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வோர்ல்ட்' என்ற பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் அமைத்த, வைர வடிவப் புதிர் வெளியாயிற்று. அதுவே முதல் குறுக்கெழுத்துப் புதிர் என்று கொள்ளப்படுகிறது. பிறகு இங்கிலாந்தில், பொருளை மறைத்துச் சொல்லும் சிலேடைப் புதிர்கள் வளர்ந்தன. 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ் 12 நிமிடத்தில் புதிரை விடுவிக்கும் போட்டி ஒன்றை வைத்தது. அதில் கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பின்னர் போர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் சென்ற இடம் பிளெட்ச்லி பார்க். ஜெர்மானியரின் இரகசியச் செய்திகளை உடைத்த இடம்.

அங்கும் இதே முறைதான் கைகொடுத்தது. ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரம் எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. செய்தியில் இருக்கும் என்று ஊகித்த ஒரு தொடரை இரகசிய எழுத்துகளின் கீழ் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து வந்துவிட்டால், அந்த இடம் தவறு என்று தள்ளிவிடலாம். 20 எழுத்துத் தொடரானால், தவறான இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியாலேயே கழிந்துவிடும்!

நம் நாட்டில் 'தி இந்து' ஆங்கில நாளிதழில் 1971 முதல் இத்தகைய புதிர் வெளிவருகிறது. தொடக்கத்தில் அதை அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். பிறந்த ஊர் செங்கல்பட்டு. ஐயம்பேட்டையும் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது.

இரண்டு விடை பொருந்தினால்?

இப்போது ஒரு சிறு சோதனை. கீழே மூன்று கேள்விகள்:

குறுக்கு 1: கரையை ஓயாமல் தொடுவது (2)
குறுக்கு 2: நெசவாளருக்கு இன்றியமையாதது (2)
நெடுக்கு 1: கற்றால் பெறுவது (3)

நெடுக்கு 1இன் முதல் எழுத்தே குறுக்கு 1இன் முதல் எழுத்து. அதன் இரண்டாம் எழுத்தே குறுக்கு 2இன் இரண்டாம் எழுத்து.

குறுக்கு 2க்கு நூல், தறி, நாடா, பாவு நான்கும் வரலாம். நெடுக்கு 1க்குக் கல்வி, அறிவு இரண்டும் வரலாம். ஒருவர் 'நூல்' என்று எழுதுகிறார். 'கல்வி' அழகாகப் பொருந்துகிறது. இன்னொருவர் 'தறி' என்று எழுதுகிறார். 'அறிவு' அதே அழகோடு பொருந்துகிறது. இருவரும், "சரிபார்த்துவிட்டேன்!" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இங்கேதான் மூன்றாவது சாட்சி வேண்டும். குறுக்கு 1க்கு 'அலை' என்று விடை கிடைத்ததும் முதல் எழுத்து 'அ' என்று உறுதியாகிறது. 'கல்வி' விழுந்தது, கூடவே 'நூலும்' விழுந்தது. 'அறிவு', 'தறி' நின்றன. ஒரே உண்மைக்கு இரண்டு கருதுகோள்கள் பொருந்தினால், விஞ்ஞானி செய்வதும் இதுதான். இரண்டையும் பிரித்துக் காட்டும் புதிய சோதனை ஒன்றைத் தேடுகிறார்.

மூன்றாவது சாட்சியே இல்லாவிட்டால்? அப்போது அது புதிர் அன்று; சீட்டுக் குலுக்கல். ஒரு காலத்தில் நம் நாட்டுப் பத்திரிகைகளில் பெரும் பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டிகள் நடந்தன. பலவற்றில் இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும். நடத்துபவர் உறையிலிட்டு வைத்த சொல்லே 'சரி'. இதைச் சூதாட்டத்துக்கு ஒப்பாகக் கருதியே 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. பரிசுத் தொகைக்கு வரம்பு கட்டியது. 1957இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்ல புதிருக்கும் நல்ல சோதனைக்கும் உரிய இலக்கணம் ஒன்றே: விடையைத் தீர்மானிப்பது சான்றாக இருக்க வேண்டும், சோதனை நடத்துபவரின் விருப்பமாக இருக்கக் கூடாது.

அன்பர்கள் சொல்லும் அனுபவம்

நாள்தோறும் புதிர் போடும் நண்பர்கள் கூடினால், என்ன விடை என்பதைவிட, விடைக்கு எப்படி வந்தோம் என்பதையே அதிகம் பேசுவார்கள். அவர்கள் பேச்சிலிருந்து சில செய்திகளைத் தொகுத்துக்கொள்ளலாம். முதற்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். சிக்கினால் சற்று விலகி வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பென்சிலால் எழுத வேண்டும். பக்கத்தில் ரப்பர் இருக்க வேண்டும்.

துன்பத்தை அனுபவித்து நெய்த துணி (3)

இதைப் படித்ததும் ஏழை நெசவாளியின் வாழ்க்கை நினைவுக்கு வரும். புதிர் அமைப்பவர் விரிக்கும் வலை அதுதான். கேள்வியை இரண்டாக உடையுங்கள். 'துன்பத்தை அனுபவித்து' என்றால் 'பட்டு'. 'நெய்த துணி' என்றாலும் 'பட்டு'. ஒருவர் 'பட்டுத் தெரிந்துகொண்டான்' என்ற வழக்கின் வழியாக இந்த விடைக்கு வருவார். இன்னொருவர் நடுவில் 'ட்' கிடைத்ததை வைத்துக்கொண்டு வருவார்.

'அந்நாடாண்டவனிடம் ஒளிந்திருக்கும் நெசவுக் கருவி (2)' என்ற கேள்வியையும் பாருங்கள். முதற்சொல்லுக்குள்ளேயே 'நாடா' ஒளிந்திருக்கிறது. நகரத்துப் பையனுக்கு நாடா என்றால் சடையில் கட்டுவது. ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளரும் பெண்ணுக்கோ, அது கண்முன் ஓடும் கருவி. வீட்டுத் தொழிலில் புழங்கும் சொல்லும் அறிவுதான். அதைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

நன்றாகப் புதிர் போடுபவர் தவறாகவே எழுதாதவர் அல்லர். தவறு என்று தெரிந்த உடனே அழிப்பவர். முதலில் எழுதிய சொல்லின் மேல் பாசம் வைத்துவிட்டால், அதைச் சுற்றியுள்ள எல்லாக் கட்டங்களும் அடைபட்டுப் போகும். ஆய்வுக் கூடத்திலும் அப்படித்தான். "என் கருத்துக்கு எதிராக ஒரு சான்று வந்தால் ஏற்றுக்கொள்வேனா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்பவனே மேலே செல்கிறான். இதைப் பழக விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நேற்றைய செய்தித்தாளும் ஒரு துண்டுப் பென்சிலும் போதும்.

இறுதியாக, உங்களுக்கு ஒரு கேள்வி:

வண்டியிலும் உண்டு, தறியிலும் உண்டு. புத்தகம் உருவாகவும் அதுவே வேண்டும் (3)

நடு எழுத்து 'ச்'. மூன்றாம் கட்டத்தில் வரக்கூடியவை 247 அல்ல. எத்தனை என்று இப்போது உங்களுக்கே தெரியும். எழுதிப் பாருங்கள், பென்சிலால்!