முன்சீப் வேதநாயகரின் நேர்மை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் (1826–1889) தமிழ் நாவலின் முன்னோடியாகத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். கத்தோலிக்கரான அவர், 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அவர் மன்றத்துக்கு வந்தோரோ பல சமயத்தார்.

1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து பாடினார். கடிதல் எளிது; பாடாதார் யார்? பதவியிலிருப்பவன் தன் கையைத் தூயதாய் வைத்திருத்தல் நேர்மையின் ஒரு பாதியே. தான் செய்வதைப் பிறர் சோதித்தறிய விடுதல் மறுபாதி. அம்மறுபாதியையும் அவர் செய்தார். மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், ஆங்கிலமறியாக் குடியானவன் பிறர் சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. ஏமாற்றுக்கு அதுவே வாயில். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், வக்கீல்கள் தமிழிலேயே வாதிட வேண்டுமென்று வற்புறுத்தினார்.