சாரங்கபாணி சன்னதித் தெரு, கும்பகோணம்

சாரங்கபாணி சன்னதித் தெரு என்பது தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலின் கிழக்கு இராசகோபுரத்திற்கு எதிரே அமைந்துள்ள பழமையான குடியிருப்புத் தெருவாகும். கணிதமேதை சீனிவாச இராமானுசன் வளர்ந்த வீடு இத்தெருவில் உள்ளது.

அமைவிடம்

கும்பகோணம் நகரின் பழைய பகுதி வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் அமைந்துள்ளது. சாரங்கபாணி கோயிலின் மேற்கே பொற்றாமரைக் குளமும், அதற்கு அப்பால் ஆதிகும்பேசுவரர் கோயிலும் உள்ளன. தென்கிழக்கே மகாமகக் குளம் உள்ளது.

கோயில்

சாரங்கபாணி கோயில் 108 திவ்வியதேசங்களில் ஒன்று. இராசகோபுரம் 11 நிலைகளைக் கொண்டது. கருவறை, குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேரின் வடிவில் அமைந்துள்ளது. இத்தலத்து இறைவனைப் பற்றிய பத்துப் பாசுரங்களைக் கேட்டதே, நாதமுனிகள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுக்கக் காரணமாயிற்று என்பது வைணவ மரபு.

வீடுகளின் அமைப்பு

கோயில் வாசலுக்கு நேராகச் செல்லும் தெரு சன்னதித் தெரு எனப்படும். காவிரிப் படுகையில் இத்தகைய தெருக்களின் பழைய வீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றுடன் கூடிய கொல்லை என அவை வரிசையாக அமையும். அடுத்தடுத்த வீடுகள் ஒட்டியே கட்டப்படுவதால் காற்றும் வெளிச்சமும் பெரும்பாலும் முற்றத்தின் வழியே கிடைக்கும். திண்ணை வழிப்போக்கர் இளைப்பாறவும், பிள்ளைகள் படிக்கவும் பயன்பட்டது.

இராமானுசன் இல்லம்

இராமானுசன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கராக இருந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பசனைப் பாடல்கள் பாடி வந்தார். இராமானுசன் நகர மேல்நிலைப் பள்ளியில் பயின்று, 1904இல் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பலகையில் கணக்குகள் போடுவது அவர் வழக்கம்.

தற்போதைய நிலை

2003இல் சாசுத்திரா பல்கலைக்கழகம் இவ்வீட்டை வாங்கி நினைவு இல்லமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இதனைத் திறந்து வைத்தார். தெருவைப் பார்த்த சன்னலுடைய அறையையும் கொல்லைக் கிணற்றையும் பார்வையாளர்கள் காணலாம். பழைய வீடுகள் இடிக்கப்பட்டுக் கட்டடங்கள் எழும்போது முதலில் மறைவது திண்ணையும் முற்றமும்தான். எனவே இவ்வீடு ஒரு மேதையின் நினைவிடமாக மட்டுமன்றி, அக்காலத் தெருவாழ்க்கையின் சான்றாகவும் விளங்குகிறது.