ஒரே கண்ணாடி, இரண்டு பறவை

இமயமலைக் காட்டில் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்த கதிர்குருவி, பாட்டால் பிரிந்த கதை

மே மாதத்தில் நைனிதால் பக்கத்து ஓக் காடுகளில் நடப்பவர்கள், புதருக்குள் ஒரு மஞ்சள் பொட்டு துள்ளுவதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் அரை நிமிடம் தங்காது. கிளை நுனியிலிருந்து எம்பி, பூச்சியைக் காற்றிலேயே கவ்விக்கொண்டு அடுத்த புதருக்குள் மறைந்துவிடும். பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்குள் தெரிவது இவ்வளவுதான்: பச்சை முதுகு, பளிச்சென்ற மஞ்சள் வயிறு, உச்சந்தலையில் இரு கருங்கோடுகள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். மூக்குக்கண்ணாடி போன்ற அந்த வளையத்தால் வந்த பெயர், பொன் கண்ணாடிக் கதிர்குருவி. ஈப்பிடிப்பான் போல இரை தேடுவதால் பழைய நூல்கள் அதை 'ஈப்பிடிப்பான் கதிர்குருவி' என்றே அழைத்தன.

பத்து கிராம்கூடத் தேறாத பறவைதான். அது உண்டாக்கிய குழப்பமோ பெரிது.

1836இல் விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்ட நாள் முதல் இதை ஒரே இனமாகவே கருதினார்கள். 1925இல் டைஸ்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு வகையைப் பிரித்து, பஞ்சாப் போலீஸ் அதிகாரியும் பறவை ஆய்வாளருமான ஹ்யூ விஸ்லரின் பெயரை வைத்தார். அதுவும் உள்ளினம் என்ற அளவில்தான். 1999இல் ஸ்வீடனின் பெர் ஆல்ஸ்ட்ரோமும் உர்பான் ஓல்சனும் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள். இமயம் முதல் சீனா வரை ஒரே இனமாக எண்ணப்பட்டது உண்மையில் பல இனங்கள் என்றார்கள். அதே ஆண்டு ஒரு ஜெர்மன் குழுவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது.

காட்டிக் கொடுத்தது பாட்டு. இமயத்தின் கீழ்ச்சரிவுகளில் கூடு கட்டும் பச்சைத்தலைக் கதிர்குருவியின் பாட்டில் குரலை உருட்டும் துரித நடுக்கம் உண்டு. அதற்கு மேலே, குளிர்ந்த காட்டில் வாழும் விஸ்லர் கதிர்குருவி வெறும் சீட்டிகளோடு நிறுத்திக்கொள்ளும். நடுவே சிறிது உயரத்துக்கு இரண்டுமே இருக்கும். ஆனாலும் கலப்பதில்லை. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவற்றின் காதுக்கு வேறு.

கண்ணால் பிரிக்கவே முடியாதா? முடியும், பறவை மனம் வைத்தால். விஸ்லருக்குத் தலைக்கோடு சற்று மங்கல். சிறகில் மெல்லிய வெளிர்கோடு. வாலோரத்தில் வெள்ளை கூடுதல். நாகாலாந்து, மணிப்பூர் மலைகளில் உள்ள சாம்பல்தலை இனத்துக்குக் கண் வளையம் பின்புறம் சற்றே அறுந்திருக்கும். இருண்ட புதரில் இதையெல்லாம் பார்க்க அதிர்ஷ்டமும் வேண்டும்.

கூடு இன்னும் ரகசியம். தரையில், சரிவு மண்ணின் மறைவில், பாசியால் கூரையோடு கட்டிய உருண்டை. காலுக்கருகிலேயே இருக்கும், கண்ணில் படாது.

சிக்கல் குளிர்காலத்தில் முற்றுகிறது. இரண்டும் மலையடிவாரத்துக்கு இறங்கி, மற்ற சிறு பறவைகளோடு கூட்டாக இரை தேடுகின்றன, பாட்டு கிடையாது. 1999க்கு முன் எழுதப்பட்ட குறிப்பேடுகளில் அடிவாரத்தில் கண்டது இரண்டில் எது? அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பறவையை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். குறிப்பேட்டை என்ன செய்வது? வெப்பம் கூடக்கூடப் பறவைகள் மலை ஏறுகின்றனவா என்று கணக்கிட, எந்த இனம் எந்த உயரத்தில் இருந்தது என்பதுதான் அடிப்படை. அதுவே கலந்து கிடக்கிறது.

அதனால் அனுபவசாலிகள் ஜனவரியில் இப்பறவையைக் கண்டால், பெயரை எழுதாமல் 'கண்ணாடிக் கதிர்குருவி, இனம் தெரியவில்லை' என்று குறித்துவிட்டு நகர்கிறார்கள்.