எஞ்சினின் மூச்சை அளந்து பாருங்கள்

டீசல் எஞ்சின் கரும்புகை கக்கினால் உடனே நாசிலைக் கழற்றுவது நம்மிடையே வழக்கம். ஆனால் பல சமயங்களில் கோளாறு காற்று வரும் வழியில்தான் இருக்கும். திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் செம்மண் புழுதியில் உழும் டிராக்டருக்கும், கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

காற்றின் தேவை

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். பிஸ்டன் கீழிறங்கும்பொழுது வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே புகுகிறது. இவ்வழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். மேட்டில் வைத்த பம்பு அதற்கு மேல் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாததும் இதனால்தான். ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டு 50 செ.மீ. அழுத்தம் குறைந்தால், எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றில் சுமார் 5 சதம் குறைகிறது. பளு மிகும்பொழுது டீசல் அரைகுறையாக எரிந்து புகையாகும்.

அளக்கும் முறை

கொத்தனார் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயே போதும். ஒரு மீட்டர் பலகையில் அதை 'ப' எழுத்துப் போல் வளைத்துக் கட்டிப் பாதியளவு தண்ணீர் ஊற்றவும். ஒரு முனையை ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் மெக்கானிக்கைக் கொண்டு இணைக்கவும். மறுமுனை திறந்திருக்கட்டும். எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, இருபுற நீர்மட்டங்களுக்குள்ள வித்தியாசத்தை அளக்கவும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் தண்ணீர் துள்ளும். இணைப்புக் குழாயைச் சற்று நெரித்தால் நிலைபெறும். அளந்தபின் துளையைப் புழுதி புகாமல் அடைப்பது அவசியம்.

சுத்தமான ஏர் கிளீனருடன் கிடைத்த அளவை முதலில் குறித்து வைத்து, பின்னர் அதே வேகத்தில் அளந்து ஒப்பிடவும். கம்பெனிக் கையேட்டில் சொன்ன வரம்பை எட்டுமுன் ஏர் கிளீனரைக் கவனிக்கவும். ஆயில் வகையானால் கழுவிக் குறியளவு ஆயில் ஊற்றவும். காகித வகையானால் மாற்றவும். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் லைனரும் ரிங்குகளும் விரைவில் தேய்ந்துவிடும்.

புகை போகும் வழி

சைலன்சருடன் மெல்லிய, நீண்ட, வளைவுகள் மிகுந்த குழாயை இணைத்தால் புகை வெளியேறத் தடை ஏற்பட்டு, புதுக் காற்றுக்கு இடம் குறையும். குழாயின் விட்டம் சைலன்சர் வாயைவிடச் சிறுக்கக் கூடாது. அதற்காக எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைக் குடிக்கும்.

நாசிலுக்குச் செலவிடுமுன் முதலில் காற்றை அளந்து பாருங்கள்.