நம் பாடலைப் பதிவுசெய்ய எத்தனை தடங்கள் தேவை?

புல்லாங்குழல் வாசிக்கும் எங்கள் நண்பர் தேசிய சேவைக்குச் செல்ல இரண்டே வாரங்கள் இருந்தன. நாங்கள் நால்வரும் சேர்ந்து மெட்டமைத்த ஒரே பாடலை அதற்குள் பதிவுசெய்துவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டில் கூடினோம். கைப்பேசியை நடுவில் வைத்து எல்லாரும் ஒன்றாக வாசித்தோம்.

கேட்டுப் பார்த்தபோது மிருதங்கம் மட்டுமே கணீரென்று ஒலித்தது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது. குரலைக் கூட்டினால் மிருதங்கமும் கூடியது. எல்லா ஒலியும் ஒரே கோப்பில் கலந்துவிட்டதால் அவற்றைப் பிரித்துச் சரிசெய்வது எளிதல்ல.

இதற்குத் தீர்வுதான் பல்தட ஒலிப்பதிவு. குரலுக்கு ஒரு தடம், குழலுக்கு ஒரு தடம், மிருதங்கத்திற்கு ஒரு தடம் எனத் தனித்தனியே பதிவுசெய்து, பிறகு ஒவ்வொன்றின் அளவையும் கூட்டிக் குறைத்து ஒன்றாகக் கலக்கலாம். ஒருவர் தவறினால் அவருடைய பகுதியை மட்டும் மீண்டும் பதிவுசெய்தால் போதும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஒரு காலத்தில் இதற்குப் பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தை நாட வேண்டியிருந்தது. 1979ல் டாஸ்காம் நிறுவனத்தின் 'போர்ட்டாஸ்டூடியோ 144' அந்த நிலையை மாற்றியது. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைப் பதிவுசெய்யும் கருவி அது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரிக்காக வீட்டிலேயே அதில் பதிவுசெய்த பாடல்கள்தான் 1982ல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

பெட்டியில் '8 தடங்கள்' என்று போட்டிருந்தால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம் என்று பலர் நினைத்துவிடுகிறோம். மொத்தத் தடங்களின் எண்ணிக்கை வேறு, ஒரே நேரத்தில் பதிவுசெய்யக்கூடிய தடங்களின் எண்ணிக்கை வேறு. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் கருவியில் எட்டுத் தடங்கள் உண்டு. ஆனால், ஒரு நேரத்தில் இரண்டைத்தான் பதிவுசெய்யலாம். ஸூம் ஆர்4 கருவியில் நான்கு தடங்கள், இரண்டு ஒலிவாங்கி இணைப்புகள். ஸூம் எச்6 ஒரே நேரத்தில் ஆறு தடங்களைப் பதிவுசெய்யும்.

குழுவாக மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவுசெய்ய விரும்புவோர் ஒரே நேரத்து எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர்பின் ஒருவராகப் பதிவுசெய்வோருக்கு இரண்டு இணைப்புகளே போதும். அவர்கள் பார்க்க வேண்டியது வேறு: முதல் தடத்தைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதிவுசெய்ய அந்தக் கருவி இடம் தருகிறதா?

ஒலிவாங்கியையும் மறக்க வேண்டாம். கண்டென்சர் வகை ஒலிவாங்கிக்குக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செல்ல வேண்டும். அந்த வசதி இல்லாத கருவிக்கு டைனமிக் வகை ஒலிவாங்கியே பொருந்தும். சத்தமான அறையில் வாய்க்கு அருகே வைத்துப் பாடவும் அதுவே நல்லது.

32-பிட் ஃபுளோட் என்ற வசதியையும் இப்போது விளம்பரங்களில் காணலாம். திடீரென்று குரலை உயர்த்தினாலும் பதிவு சிதையாமல் பின்னர் அளவைக் குறைத்துக்கொள்ள அது உதவும். ஒலிவாங்கியே தாங்காத சத்தத்தை அதனாலும் காப்பாற்ற முடியாது. அது இல்லாவிட்டாலும் கவலை இல்லை. 24-பிட் பதிவில், அதிகச் சத்தமான இடம் -12 டெசிபலைத் தொடும்படி அளவை வைத்தால் போதும்.

சேமிப்புக்கும் பெரிய செலவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் தரத்தில் ஒரு தடம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 மெகாபைட் இடம் பிடிக்கும். நான்கு தடங்களுக்கு 32 மெகாபைட். 32 கிகாபைட் அட்டையில் சுமார் 16 மணி நேரம் பதிவுசெய்யலாம்.

முதலில் இலவசமாக முயலுங்கள்

உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட பேண்ட்லேப் செயலியைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். ஐஃபோன் வைத்திருப்போருக்கு கராஜ்பேண்ட் உள்ளது. இவற்றில் இரண்டு, மூன்று பாடல்களைப் பதிவுசெய்து பார்த்தால், தனிக் கருவி தேவையா என்பது நமக்கே தெரிந்துவிடும். கம்பியுள்ள ஹெட்ஃபோனையே பயன்படுத்துங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் தாளம் தப்பும்.

தனிக் கருவி வாங்குவதாக இருந்தால், ஒருவர் பயன்படுத்தியதையும் பரிசீலிக்கலாம். நாங்கள் அப்படித்தான் 160 வெள்ளிக்கு ஒன்றை வாங்கினோம். ஆளுக்கு 40 வெள்ளி. விற்பவரைச் சந்திக்கும்போது சொந்த ஒலிவாங்கியையும் ஹெட்ஃபோனையும் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் பேசிப் பதிவுசெய்து கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அறையும் ஒரு கருவிதான். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் பாடினால் எதிரொலி குறையும்.

நாங்கள் முதலில் சுருதியோடு சேர்த்து ஒரு வழிகாட்டித் தடத்தைப் பதிவுசெய்தோம். தாளம் போட்டபடி சும்மா பாடியது அது. அதைக் கேட்டுக்கொண்டே நண்பர் தம் குழல் பகுதியை வாசித்தார். ஐந்தாவது முயற்சியில் சரியாக அமைந்தது. மூன்று நாள் கழித்து அவர் முகாமுக்குச் சென்றுவிட்டார்.

மிருதங்கத்தை அடுத்த வாரம் பதிவுசெய்தோம். இரண்டு ஒலிவாங்கிகளில் ஒன்றை வலந்தலைக்கும் மற்றதைத் தொப்பிக்கும் வைத்தோம். குரல் கடைசியாக வந்தது. வழிகாட்டித் தடத்தை அழித்துவிட்டுக் கலந்தோம்.

முதல் விடுப்பில் வந்த நண்பர், மொட்டைத் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடலை முழுவதும் கேட்டார். இரண்டாவது சரணத்தில் தம்முடைய குழல் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டதாகச் சொன்னார். அந்தத் தடத்தை மட்டும் அன்று மாலையே மீண்டும் பதிவுசெய்தோம்.